அமெரிக்காவில் கருக்கலைப்பு என்னும் ஆப்பு

கேள்வி இது: "அமெரிக்காவில் கருக்கலைப்புப் பிரச்சினைக்காகவே மக்கள் கட்சி மாறி ஓட்டுப் போடுகிறார்களா? அப்படியானால் 2024-ல் கருக்கலைப்பு உரிமைக்கு ஆதரவாக வாக்களித்த மாநிலங்களே ட்ரம்பையும் ஜெயிக்க வைத்தது எப்படி?"

முதல் பாதிக்குச் சுருக்கமான பதில்: கொஞ்சம் பேர் கட்சி மாறினார்கள். அதைவிட நிறையப் பேர் கட்சியை அப்படியே வைத்துக்கொண்டு கருத்தை மாற்றிக்கொண்டார்கள். இரண்டாம் பாதிக்கு வரச் சற்று நேரமாகும். ஐம்பது வருடக் கதையைச் சொல்லாமல் அது புரியாது.

இந்த மாதிரிப் பிரச்சினையை அமெரிக்க அரசியல் பேச்சில் 'ஆப்பு' (wedge issue) என்றுதான் சொல்கிறார்கள். நாம் "அவனுக்கு ஆப்பு வைத்துவிட்டார்கள்" என்கிறோமே, அந்தப் பொருளில் அல்ல. மரம் அறுப்பவர்கள் பிளவில் செருகும் ஆப்பு. எதிர்க்கட்சிக்குள் ஏற்கனவே ஒரு கீறல் இருக்கும். ஒரே சின்னத்துக்கு ஓட்டுப் போடும் இரண்டு கூட்டங்களுக்கு ஏதோ ஒரு விஷயத்தில் மட்டும் ஒத்துப்போகாது. அந்த இடம் பார்த்துச் செருகித் தட்டிக்கொண்டே இருந்தால் ஒரு சிராயாவது உடைந்து நம் பக்கம் விழும். தேர்தல் ஒன்றிரண்டு சதவீதத்தில் முடிகிற மாநிலத்தில் ஒரு சிராய் போதும்.

இன்றைக்குக் கருக்கலைப்பை எதிர்ப்பது ட்ரம்பின் குடியரசுக் கட்சி, உரிமை என்பது ஜனநாயகக் கட்சி. ஆனால் இந்த ஆப்பு முதலில் எந்த மரத்தில் இருந்தது என்று பார்த்தால் தலை சுற்றும்.

1970 ஏப்ரல் 9. நியூயார்க் மாநிலச் சட்டமன்றத்தின் கீழவை. கருக்கலைப்பை 24 வாரம் வரை அனுமதிக்கும் மசோதா வாக்கெடுப்பில் இருக்கிறது. 150 பேர் கொண்ட அவையில் நிறைவேற 76 ஓட்டு வேண்டும், 74-லேயே நின்றுவிட்டது. முடிவை அறிவிக்கப் போகும் நேரத்தில் ஜார்ஜ் மைக்கேல்ஸ் என்ற உறுப்பினர் எழுந்து ஒலிபெருக்கியைப் பிடிக்கிறார். ஜனநாயகக் கட்சிக்காரர். ஆபர்ன் என்ற ஊர்க்காரர். அவருடைய தொகுதியில் கத்தோலிக்கர்கள் அதிகம். தொகுதிக்குக் கட்டுப்பட்டு 'இல்லை' என்று போட்டிருந்தவர், கை நடுங்க, கண் கலங்க, தன் ஓட்டு ஒன்றால் இந்த மசோதா தோற்கக் கூடாது, 'ஆம்' என்று மாற்றிக்கொள்கிறேன் என்கிறார். இதோடு தன் அரசியல் வாழ்க்கை முடிந்தது என்பது தெரியும் என்றும் அங்கேயே சொல்லிவிட்டு உட்காருகிறார். சொன்னபடியே ஆயிற்று. அதே வருடம் சொந்தக் கட்சியே அவரைக் கைவிட்டது. கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரி தேர்தலில் தோற்றார்.

இதில் கவனிக்க வேண்டியது மற்றவர்கள் எந்தக் கட்சி என்பது. மசோதாவைக் கொண்டுவந்தவர்களில் முன்னால் நின்ற கான்ஸ்டன்ஸ் குக் குடியரசுக் கட்சி. 76-வது ஓட்டைப் போட்ட சபாநாயகர் பெரி டுரியே குடியரசுக் கட்சி. கையெழுத்திட்ட ஆளுநர் நெல்சன் ராக்ஃபெல்லரும் குடியரசுக் கட்சி. இரண்டு வருடம் கழித்து சட்டமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்யப் பார்த்தபோது வீட்டோ போட்டுத் தடுத்தவரும் அதே ராக்ஃபெல்லர்தான்.

நியூயார்க் மட்டும் விதிவிலக்கு என்று நினைக்க வேண்டாம். கலிஃபோர்னியாவில் 1967-ல் கருக்கலைப்புச் சட்டத்தைத் தளர்த்திக் கையெழுத்திட்டவர் ஆளுநர் ரொனால்ட் ரேகன். தெற்கத்திய பாப்டிஸ்ட் சபைகளின் மாநாடு 1971-ல் ஒரு தீர்மானம் போட்டது: பாலியல் வன்முறை, கருவின் கடுமையான குறைபாடு, தாயின் உடல்நலம், மனநலம் ஆகிய காரணங்களுக்காகக் கருக்கலைப்பை அனுமதிக்கும் சட்டங்களுக்கு உழைக்கும்படி அது சபையினரைக் கேட்டுக்கொண்டது. இன்றைக்குக் கருக்கலைப்பைக் கடுமையாக எதிர்க்கும் அந்தச் சபைக்காரர்களிடம் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். கருக்கலைப்பை நாடு முழுவதும் அரசியல் சாசன உரிமையாக்கியது 1973 ஜனவரி 22-ல் வந்த ரோ எதிர் வேட் என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. அதில் கருக்கலைப்பு உரிமைக்கு ஆதரவாக நின்ற ஏழு நீதிபதிகளில் ஐந்து பேர் குடியரசுக் கட்சி அதிபர்கள் நியமித்தவர்கள். எதிர்த்த இருவரில் ஒருவர் கென்னடி நியமித்தவர்.

காரணம் எளிது. அப்போது கருக்கலைப்பை எதிர்த்தவர்கள் முக்கியமாகக் கத்தோலிக்கர்கள். அயர்லாந்து, இத்தாலி, போலந்து வம்சாவளித் தொழிலாளர்கள், தொழிற்சங்கத்தில் இருப்பார்கள், ரூஸ்வெல்ட் காலத்திலிருந்து ஜனநாயகக் கட்சிக்காரர்கள். படித்த, வசதியான, வடகிழக்குப் புராட்டஸ்டன்ட் குடும்பங்கள் குடியரசுக் கட்சியில் இருந்தன. குடும்பக் கட்டுப்பாடு அவர்களுக்குப் பழகிய விஷயம். அதனால் 70-களில் எடுத்த கணக்கெடுப்புகளில் குடியரசுக் கட்சி வாக்காளர்கள்தான் கருக்கலைப்பு விஷயத்தில் ஒரு படி தாராளமாக இருந்தார்கள்.

ஆகவே கீறல் ஜனநாயகக் கட்சியில் இருந்தது. அப்போது அதிபராக இருந்த குடியரசுக் கட்சி நிக்சனின் ஆட்கள் அதைப் பார்த்துவிட்டார்கள். 1971-ல் ராணுவ மருத்துவமனைகளில் தளர்த்தியிருந்த விதியை நிக்சன் பழையபடி இறுக்கினார். 1972-ல் நியூயார்க் சட்டத்தை ரத்து செய்யும் முயற்சியை ஆதரித்து நியூயார்க்கின் கத்தோலிக்கப் பேராயர் கார்டினல் குக்குக்கு எழுதிய கடிதம் வெளியே வந்தது. அந்த வருடம் கத்தோலிக்கர்களில் பாதிக்கு மேல் நிக்சனுக்குப் போட்டார்கள். ஆனால் 49 மாநிலங்களை அள்ளிய தேர்தல் அது; ஆப்பு இல்லாவிட்டாலும் மரம் விழுந்திருக்கும்.

ஆப்பு உண்மையில் வேலை செய்ததாக எல்லாரும் காட்டும் முதல் இடம் ஐயோவா மாநிலம், 1978. செனட்டர் டிக் கிளார்க், ஜனநாயகக் கட்சி, கருத்துக் கணிப்புகளில் முன்னிலை. தேர்தலுக்கு முந்திய ஞாயிறு, பூசைக்குப் போனவர்கள் தேவாலயத்துக்கு வெளியே வந்து பார்த்தால், நிறுத்திவிட்டுப் போன கார்களில் துண்டுப் பிரசுரங்கள். கருக்கலைப்பு பற்றி கிளார்க்கின் நிலை என்ன என்று சொல்லும் பிரசுரங்கள். செவ்வாய்க்கிழமை கிளார்க் தோற்றார். அவருடைய தோல்விக்கு வேறு காரணங்களும் உண்டு, ஆனால் வாஷிங்டனில் இருந்த வலதுசாரி அமைப்பாளர்களுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைதான் பாடமாயிற்று. தொலைக்காட்சி விளம்பரம் தேவையில்லை. தேவாலய வாசல் போதும். அடுத்த வருடம் பாஸ்டர் ஜெர்ரி ஃபால்வெல் 'மாரல் மெஜாரிட்டி' என்ற கிறிஸ்தவ வலதுசாரி அமைப்பைத் தொடங்கினார். அவரே கருக்கலைப்பு பற்றி முதல் பிரசங்கம் செய்தது 1978-ல்தான், அதாவது ரோ தீர்ப்பு வந்து ஐந்து வருடம் கழித்து. 1980-ல் ரேகன் கருக்கலைப்பைத் தடைசெய்யும் அரசியல் சாசனத் திருத்தத்தை ஆதரித்து அதிபரானார். 1967-ல் போட்ட கையெழுத்துக்காக அதற்குள் வருத்தமும் தெரிவித்திருந்தார்.

இதற்குப் பின் நடந்ததைத்தான் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். "வாக்காளர்கள் கொள்கை பார்த்துக் கட்சி மாறினார்கள், கட்சிகள் அவர்களுக்குப் பின்னால் போயின" என்று நினைக்கிறோம். நடந்தது பெரும்பாலும் எதிர்த்திசையில். கிரெக் ஆடம்ஸ் என்ற அரசியல் ஆய்வாளர் 1997-ல் எழுதிய கட்டுரையில், நாடாளுமன்றத்தில் உறுப்பினர்கள் போட்ட ஓட்டுகளையும் மக்களின் கருத்தையும் வருடவாரியாக ஒப்பிட்டுப் பார்த்தார். தலைவர்கள் முதலில் பிரிந்தார்கள். மக்கள் பல வருடம் கழித்து மெதுவாக அந்த வரிசையில் வந்து நின்றார்கள். வாக்காளர் மட்டத்தில் இரண்டு கட்சிகளும் இடம் மாறிக்கொண்டது 80-களின் நடுவில்தான்.

இது ஏன் இப்படி? அமெரிக்காவில் கட்சி என்பது பலருக்குக் குலதெய்வம் மாதிரி. கொள்கை அறிக்கையைப் படித்துத் தேர்ந்தெடுத்ததல்ல, வீட்டிலிருந்து வந்தது. கருக்கலைப்பு பற்றியோ பெரும்பாலானோருக்கு உறுதியான ஒற்றை நிலை கிடையாது. கேலப் நிறுவனம் 1975-ல் முதல்முறை கேட்டபோது 21 சதவீதம் பேர் எல்லாச் சூழலிலும் அனுமதிக்கலாம் என்றார்கள், 22 சதவீதம் பேர் எதிலும் கூடாது என்றார்கள், 54 சதவீதம் பேர் 'சில சூழல்களில்' என்று நடுவில் நின்றார்கள். இன்றும் நடுவில் நிற்பவர்களே பெரிய கூட்டம். நடுவில் நிற்பவர் நம்பும் தலைவர் ஒரு பக்கம் சாயும்போது, அவரும் ஓரடி அந்தப் பக்கம் எடுத்து வைப்பார். தான் மாறியதாக அவருக்கே தோன்றாது. "நான் எப்போதும் இப்படித்தானே நினைத்தேன்" என்பார்.

சரி, அப்படியென்றால் யாருமே மாறவில்லையா? மாறினார்கள். தாமஸ் கார்சி, ஜெஃப்ரி லேமன் என்ற இருவர், ஒரே மனிதர்களிடம் வருடக்கணக்கில் திரும்பத் திரும்பக் கேட்ட கணக்கெடுப்புகளை வைத்து இதைப் பிரித்துப் பார்த்தார்கள். இரண்டு நிபந்தனைகள்: அந்தப் பிரச்சினை அவருக்கு நெஞ்சுக்கு நெருக்கமாக இருக்க வேண்டும், இரண்டு கட்சிகளுக்கும் அதில் வித்தியாசம் இருப்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டும் பொருந்தினால் அவர் கட்சியை மாற்றுகிறார். வித்தியாசம் தெரியும், ஆனால் பிரச்சினை அவ்வளவு முக்கியமில்லை என்றால் கருத்தை மாற்றிக்கொள்கிறார்.

எனக்கு இதைவிடப் பிடித்தது கிறிஸ்டபர் ஏக்கன், லாரி பார்ட்டெல்ஸ் இருவரும் காட்டியது. 1965-ல் பள்ளிப் படிப்பை முடித்தவர்களை 1997 வரை தொடர்ந்து பேட்டி கண்ட ஒரு நீண்ட ஆய்வு இருக்கிறது. அதில் 1982-ல் குடியரசுக் கட்சியில் இருந்துகொண்டு கருக்கலைப்பு உரிமையை ஆதரித்தவர்களை எடுத்துக்கொண்டார்கள். கட்சி ஒரு பக்கம், கருத்து இன்னொரு பக்கம். பதினைந்து வருடத்தில் ஏதாவது ஒன்று விட்டுக்கொடுத்தாக வேண்டும். பெண்கள் கட்சியை விட்டார்கள். ஆண்கள் கருத்தை விட்டார்கள். எல்லாரும் அல்ல, ஆனால் சாய்வு தெளிவாக அப்படி இருந்தது. ஆணுக்கு இது மேடைப் பேச்சு, பெண்ணுக்கு இது உடம்பு.

இதைச் சொன்னதும் "அப்படியானால் பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம்" என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மொத்தமாகப் பார்த்தால் இந்த விஷயத்தில் ஆண் பெண் கருத்து வித்தியாசம் சிறியது. கட்சி வித்தியாசமும் மத வித்தியாசமும்தான் பெரியவை. கருக்கலைப்பு எதிர்ப்பு இயக்கத்தின் காலாட்படையே பெண்கள்தான்.

ஆப்பு இரண்டு கட்சிகளையும் எப்படி இழைத்துச் சீவியது என்பதற்கு பென்சில்வேனியாவின் கேஸி குடும்பத்தைவிட நல்ல உதாரணம் கிடையாது. அப்பா ராபர்ட் கேஸி ஜனநாயகக் கட்சி ஆளுநர், கத்தோலிக்கர், கருக்கலைப்பைக் கடுமையாக எதிர்த்தவர். 1992-ல் ரோ தீர்ப்பின் மையத்தைத் தக்கவைத்த உச்ச நீதிமன்ற வழக்கிலேயே அவர் பெயர்தான் எதிர்த்தரப்பு. அடுத்த மாதம் நடந்த கட்சி மாநாட்டில் அவருக்குப் பேச இடம் தரவில்லை. அதிபர் வேட்பாளர் கிளின்டனை அவர் ஆதரிக்காததால் என்றது கட்சி. என் கொள்கைக்காக என்றார் அவர். இருபது லட்சம் தடவை சொல்லப்பட்ட கதை இது, இன்றும் கத்தோலிக்க ஜனநாயகக் கட்சிக்காரர்கள் மறக்கவில்லை. மகன் பாப் கேஸி 2006-ல் 'கருக்கலைப்பை எதிர்க்கும் ஜனநாயகக் கட்சிக்காரர்' என்ற அடையாளத்தோடே செனட்டரானார். ரோ தீர்ப்பைக் கவிழ்க்கும் வரைவு கசிந்த 2022 மே மாதத்தில், கருக்கலைப்பு உரிமையைக் காக்கும் மசோதாவுக்கு ஆதரவாக நின்றார். 2024-ல் மயிரிழையில் தோற்றார்.

நாடாளுமன்றக் கீழவையில் எண்ணிக்கையே பேசும். ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டு மசோதாவில் கருக்கலைப்புக்கு அரசுப் பணம் போகக் கூடாது என்று பார்ட் ஸ்டூபக் 2009 நவம்பரில் கொண்டுவந்த திருத்தத்துக்கு 64 ஜனநாயகக் கட்சி உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டார்கள். 2021 செப்டம்பரில் கருக்கலைப்பு உரிமை மசோதாவை எதிர்த்த ஜனநாயகக் கட்சி உறுப்பினர் ஒரே ஒருவர், டெக்சாஸின் ஹென்றி குவேயார். அந்த மசோதாவை ஆதரித்த குடியரசுக் கட்சி உறுப்பினர் எத்தனை பேர்? பூஜ்யம். தலைவர்களின் பல்டிகளும் இதே கணக்குதான். பின்னால் ஜனநாயகக் கட்சித் துணை அதிபரான அல் கோர் இளம் உறுப்பினராக இருந்தபோது கருக்கலைப்பை எதிர்த்து ஓட்டுப் போட்டவர். பைடன் 2019 ஜூன் வரை கருக்கலைப்புக்கு அரசுப் பணம் கூடாது என்ற தடையை ஆதரித்தார். ட்ரம்ப் 1999-ல் தொலைக்காட்சிப் பேட்டியில் தன்னைக் கருக்கலைப்பு உரிமையின் தீவிர ஆதரவாளர் என்றார். 2016-ல் ரோவைக் கவிழ்க்கும் நீதிபதிகளை நியமிப்பேன் என்று வாக்குக் கொடுத்தார். அவரிடம் வேறு எதையும் எதிர்பார்க்காத இவாஞ்சலிக்கல் (தீவிரப் புராட்டஸ்டன்ட்) வாக்காளர்களுக்கும் அந்த ஒரு வாக்கு போதுமாயிருந்தது.

இடையில் ஒன்று. இந்தியாவில் கருக்கலைப்பைச் சட்டபூர்வமாக்கியது 1971-ல், ரோவுக்கு இரண்டு வருடம் முன்பு, காங்கிரஸ் ஆட்சியில். 2021-ல் சில வகைப் பெண்களுக்கு 24 வாரம் வரை நீட்டித்தது பாஜக ஆட்சி. எந்த மேடையிலாவது இதைச் சொல்லி யாராவது ஓட்டுக் கேட்டுப் பார்த்திருக்கிறீர்களா? இங்கேயும் மதம் இருக்கிறது, கட்சி இருக்கிறது. ஆப்பாகச் செதுக்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

இனி இரண்டாம் பாதி. 2022 ஜூன் 24-ல் உச்ச நீதிமன்றத்தின் டாப்ஸ் தீர்ப்பு ரோவைக் கவிழ்த்து, முடிவை மாநிலங்களிடம் விட்டது. ஆப்பசைத்த குரங்கின் கதை நமக்குத் தெரியும். பாதி அறுத்த மரத்தில் உட்கார்ந்து, ஆப்பைப் பிடுங்கி, வாலை மாட்டிக்கொண்ட குரங்கு. குடியரசுக் கட்சிக்கு நடந்தது கிட்டத்தட்ட அது. ரோ இருந்தவரை அந்தக் கட்சியில் இருந்த கருக்கலைப்பு ஆதரவாளர்களுக்கு ஒரு நிம்மதி இருந்தது: "யார் ஜெயித்தாலும் தீர்ப்பு இருக்கிறது, சட்டம் மாறாது, நான் வரிக்காக ஓட்டுப் போடுகிறேன்." எதிர்ப்பாளர்கள் மட்டும் இந்த ஒரு காரணத்துக்காகவே ஓட்டுப் போட்டார்கள். தீர்ப்பு போனதும் அந்த நிம்மதி போயிற்று. கருக்கலைப்புக்காகவே ஓட்டுப் போடுவேன் என்று சொல்பவர்கள் அதிகம் இருக்கும் பக்கமே மாறிவிட்டது.

முதல் அடி கன்சாஸில். 2020-ல் ட்ரம்ப் ஏறக்குறைய 15 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்த மாநிலம். மாநில அரசியல் சாசனத்தில் கருக்கலைப்பு உரிமை இல்லை என்று எழுதும் திருத்தத்தை, பெரும்பாலும் குடியரசுக் கட்சிக்காரர்களே வரும் ஆகஸ்ட் பிரைமரி நாளில் வைத்தார்கள். 2022 ஆகஸ்ட் 2. திருத்தம் 59-41 என்று தோற்றது. திருத்தத்தை எதிர்த்துப் பிரச்சாரம் செய்தவர்கள் புத்திசாலிகள். விளம்பரத்தில் கட்சிப் பேச்சே எடுக்கவில்லை. "அரசாங்கக் கட்டாயம் வேண்டாம்" என்றார்கள். கோவிட் காலத்து முகக்கவச உத்தரவை வெறுத்த குடியரசுக் கட்சிக்காரரும் கட்சியை விட்டு ஓர் அங்குலம் நகராமல் 'வேண்டாம்' என்று குத்தலாம். அதே நவம்பரில் கன்சாஸ் தன் குடியரசுக் கட்சி செனட்டர் ஜெர்ரி மோரனைச் சுலபமாக மறுபடியும் அனுப்பி வைத்தது.

அங்கேயே பதில் இருந்தது. ஜனநாயகக் கட்சி அதைப் பார்க்கத் தவறிவிட்டது என்பது என் கருத்து.

2024 நவம்பரில் மிசௌரியில் ஒரு வாக்காளர் கையில் இருந்த வாக்குச்சீட்டை நினைத்துப் பாருங்கள். மேலே அதிபர், அதன் கீழே செனட்டர், கொஞ்சம் கீழே இறங்கினால் மூன்றாம் எண் திருத்தம்: கரு வெளியே உயிர்வாழும் நிலை வரும்வரை கருக்கலைப்பு உரிமை. மேலே ட்ரம்புக்கு, நடுவில் குடியரசுக் கட்சி செனட்டர் ஜோஷ் ஹாலிக்கு, கீழே 'ஆம்' என்று நிரப்பிவிட்டு வெளியே வந்தவர்கள் ஏராளம். திருத்தத்துக்கு 51 சதவீதத்துக்கு மேல் கிடைத்தது. ஜனநாயகக் கட்சி அதிபர் வேட்பாளர் கமலா ஹாரிஸுக்கு 40. ஹாரிஸுக்குப் போட்ட ஒவ்வொருவரும் 'ஆம்' என்று போட்டதாக வைத்துக்கொண்டாலும் 11 சதவீதம் வேறு பக்கத்திலிருந்துதான் வந்திருக்க வேண்டும். அரிசோனாவில் இந்த இடைவெளி இன்னும் பெரியது: உரிமைக்கு 61, ஹாரிஸுக்கு 47-க்கும் கீழே. மொன்டானாவும் நெவாடாவும் அதே கதை. ஃபுளோரிடாவில் உரிமைக்கு 57 சதவீதம் கிடைத்தும் அங்கே 60 வேண்டும் என்பதால் தோற்றது. ட்ரம்புக்குக் கிடைத்தது 56. அந்த மாநிலத்தில் ட்ரம்பைவிடக் கருக்கலைப்பு உரிமை அதிக ஓட்டு வாங்கியது.

திருத்தங்களை வாக்குச்சீட்டில் வைத்தால் ஆதரவாளர்கள் திரண்டு வந்து கட்சிக்கும் போடுவார்கள் என்பது ஜனநாயகக் கட்சியின் கணக்கு. ஆனால் ஆப்பு பிளப்பதே, ஓட்டு ஒன்று, ஆசை இரண்டு என்ற நெருக்கடியில்தான். கட்சியா, இந்த உரிமையா, ஒன்றைத் தேர்ந்தெடு என்று வாக்காளரை மூலையில் நிறுத்த வேண்டும். தனியாக ஒரு கட்டம் கொடுத்து "இதை இங்கே போட்டுக்கொள்" என்றால் நெருக்கடி தீர்ந்துவிடுகிறது. விலைவாசிக்குக் கோபப்பட்டவர் அதை மேலே காட்டினார், உரிமையைக் கீழே காப்பாற்றிக்கொண்டார். ட்ரம்பும் 2024 ஏப்ரலிலேயே "மாநிலங்கள் முடிவு செய்யட்டும்" என்று சொல்லி, கட்சி அறிக்கையில் நாற்பது வருடமாக இருந்த கடுமையான வாசகத்தையும் தளர்த்தி, வாலை முடிந்தவரை உருவிக்கொண்டார். கருக்கலைப்பு எதிர்ப்பு இயக்கத்தினர் முணுமுணுத்தார்கள். ஆனாலும் அவருக்குத்தான் போட்டார்கள்; அவர்களுக்குப் போக வேறு இடம் ஏது?

மிசௌரியில் கதை அதோடு நிற்கவில்லை. மக்கள் ஏற்றுக்கொண்ட திருத்தத்தை நீக்க, குடியரசுக் கட்சி வசமுள்ள சட்டமன்றம் 2025 மே மாதத்தில் இன்னொரு திருத்தத்தை நிறைவேற்றி, 2026-ல் மறுபடியும் மக்கள் முன் வைக்க ஏற்பாடு செய்தது. அதில் கருக்கலைப்புத் தடை மட்டும் இல்லை. சிறார்களுக்குப் பாலின மாற்றச் சிகிச்சை கூடாது என்ற தடையையும் அதே கேள்வியோடு சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள்.